இடையில் பத்து வரி

“எல்லாரும் சுமார் என்று ஒதுக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் பெரிய திறமை ஒளிந்திருந்தால் அதை எப்படிக் கண்டுகொள்வது? நெருங்கிப் பழகினால்தான் தெரியுமா? இல்லை, பாசம் கண்ணை மறைக்காமல் தள்ளி நின்று பார்த்தால்தான் தெரியுமா?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒரு பட்டறையில் எட்டுப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர். அதில் ஒரு பையனை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறாராம்.

நான் கும்பகோணத்துக்காரன், முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அதனால் எங்கள் ஊரில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ஒருவரை வைத்தே பதில் சொல்கிறேன். சீனிவாச ராமானுஜன். “தெரிந்த கதைதானே” என்று தாண்டிப் போய்விட வேண்டாம். நமக்குத் தெரிந்த வடிவத்தில் அது பாதிக் கதைதான். ஹார்டி என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ராமானுஜன் எழுதிய ஒரு கடிதத்தைப் பார்த்தார், மேதையைக் கண்டுபிடித்தார் என்று அது முடிந்துவிடுகிறது. அந்தக் கடிதம் லண்டன் தபாலில் சேர்வதற்கு முன் பத்து வருஷம் இங்கே அவரைத் தாங்கிப் பிடித்த கைகளைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

முதலில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்று பாருங்கள். 1904-ல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கினார். முழு மதிப்பெண்ணுக்கு மேலும் கொடுக்க முடியுமானால் இந்தப் பையனுக்குக் கொடுக்கலாம் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் மேடையிலேயே சொன்னார். அதற்குப் பிறகு எல்லாம் சரிவுதான். கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரி முதல்கட்டத் தேர்வில் 1906-லும் தோல்வி, 1907-லும் தோல்வி. 1909-ல் ஜானகியோடு கல்யாணம். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். பட்டமும் வேலையும் இல்லாமல், கையில் தடித்த நோட்டுகளை மட்டும் வைத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைத் தெருவில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

அந்தச் சமயத்தில் உடம்பும் சரியில்லாமல் போனது. ராதாகிருஷ்ண ஐயர் என்ற நண்பர் தன்னிடம் வைத்துக் கவனித்து, டாக்டரிடம் காட்டி, ஊருக்கு ரயிலேற்றிவிட்டார். வண்டி கிளம்பும் முன் ராமானுஜன் தன் நோட்டுகளை அந்த நண்பரிடம் கொடுத்து, தான் செத்துப்போனால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ சேர்த்துவிடச் சொன்னார். தன் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நம்பி ஒப்படைக்க ஒரு நண்பர் கிடைத்தார், அவ்வளவுதான் அப்போது அவருடைய சொத்து.

பிழைத்து எழுந்த பிறகு, 1910-ல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். கீழ்மட்டத்தில் ஒரு குமாஸ்தா வேலை போட்டுத் தரும்படி கேட்கத்தான் போனார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் வேலை தரவில்லை. இவரைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைத்து அந்த அறிவை மூச்சுமுட்ட வைக்கத் தனக்கு மனசு வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். வெறுங்கையோடும் அனுப்பவில்லை. சென்னையில் இருந்த கணிதப் பேராசிரியர் சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் வழி திறந்தது.

ராமச்சந்திர ராவை நான் என் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அவர் பின்னால் எழுதிவைத்ததில் ஒளிவுமறைவே இல்லை. குள்ளமாக, தடித்து, சவரம் செய்யாமல், அவ்வளவு சுத்தமும் இல்லாமல், கண் மட்டும் பளபளக்க, நைந்துபோன நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார் என்று எழுதுகிறார். அந்த ஆள் பேசியது சாதாரணமானதில்லை என்று உடனே பட்டது. ஆனால் அது அர்த்தமுள்ளதா பிதற்றலா என்று தீர்ப்புச் சொல்லத் தன் படிப்பு போதவில்லை என்கிறார். கலெக்டராக இருந்தவர், கணிதம் படித்தவர், அப்படி ஒப்புக்கொள்கிறார். தீர்ப்பை நிறுத்திவைத்துவிட்டு மறுபடி வரச் சொன்னார். ராமானுஜன் மறுபடி போனார். ராவுக்கு எவ்வளவு எட்டும் என்று அளந்துகொண்டு, முதலில் எளிமையானவற்றைக் காட்டினார். அதற்குப் பிறகு படிப்படியாக மேலே அழைத்துப் போனார். கடைசியில் ராவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கணக்கைத் தொடர்ந்து செய்ய வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் கிடைத்தால் போதும் என்று பதில் வந்தது. மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார்.

தம்பி, உங்கள் கேள்விக்கு முதல் பதில் இங்கேயே இருக்கிறது. முதல் பார்வையில் எதுவும் தெரியாது. ராவுக்குத் தெரியவில்லை. “எனக்குப் புரியவில்லை, அதனால் இது ஒன்றுமில்லை” என்று அவர் முடித்துக்கொள்ளாமல், “எனக்குப் புரியவில்லை, நாளைக்கு வா” என்றார் பாருங்கள், அந்த இடத்தில்தான் மனிதர்கள் தப்பிக்கிறார்கள், அல்லது தொலைந்து போகிறார்கள்.

இனி நான் மிகவும் மதிக்கும் ஆளுக்கு வருகிறேன். 1912 மார்ச் 1-ம் தேதி ராமானுஜன் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில், அதாவது துறைமுக நிர்வாக அலுவலகத்தில், 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரி நாராயண ஐயர். திருச்சியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர், கணிதக் கழகத்திலும் இருந்தவர். சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் திருவல்லிக்கேணி பைக்ராஃப்ட்ஸ் ரோட்டில் அவர் வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு பெரிய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இரவு வெகுநேரம் பலப்பம் கீச்சிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று ஐயரின் மகன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த மாடியில் நடந்ததாக அந்த மகன் சொன்ன ஒன்று என் மனசைவிட்டுப் போகவே இல்லை. ராமானுஜன் ஒரு வரி எழுதுவார், அடுத்த வரியில் விடை வந்துவிடும். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. நாராயண ஐயர் சொல்வாராம்: என் அறிவின் மட்டத்துக்கு நீ இறங்கி வர வேண்டும், எனக்கே உன் இரண்டு வரிக்கு நடுவில் புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து வரியாவது எழுது. ராமானுஜனுக்கு அது ஆச்சரியமாக இருக்கும், இதில் எழுத என்ன இருக்கிறது என்று. ஆனாலும் எழுதுவார். அவர் ஒரு மேலதிகாரி, இவர் கீழ்நிலை குமாஸ்தா. “இறங்கி வா” என்று கேட்கிறவர் எத்தனை பெரிய மனுஷர் என்று யோசித்துப் பாருங்கள். புரியாததை எழுத வைத்து, எழுதியதைத் திரும்பக் கேட்டு, மாதக்கணக்கில் ஒவ்வொரு ராத்திரியும் அதற்காக உட்கார்ந்திருக்கிறார். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காதில் போட்டு அவரையும் இந்தப் பக்கம் திருப்பினார்.

இந்த இடத்தில் என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். விடை சரியாக இருக்கும், ஸ்டெப் ஒன்றும் இருக்காது. நான் சிவப்பு மையால் சுழித்து, ஸ்டெப் மார்க்கைக் கழித்துக்கொண்டே வந்தேன். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான் என்று ஒருமுறை வகுப்பில் வைத்துச் சொல்லியும்விட்டேன். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒருநாள் மழைக்கு வராந்தாவில் இருவரும் ஒதுங்கி நின்றோம். சும்மா 48-ஐ 52-ஆல் பெருக்கு என்றேன். “ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தாறு சார்” என்றான். எப்படிடா என்றேன். “அம்பது ரூவா சரக்குன்னு வச்சுக்குங்க சார். இது ரெண்டு கம்மி, அது ரெண்டு ஜாஸ்தி. அம்பதம்பது ரெண்டாயிரத்தைநூறு. அதுலேர்ந்து ரெண்டுரெண்டு நாலு போயிடும்.” தாராசுரம் மார்க்கெட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவோடு மூட்டை இறக்கிக் கணக்குச் சொல்கிற பிள்ளை அவன். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போடும் சூத்திரம் அவன் நாக்கில் இருந்தது. பேப்பரில் எழுத வேண்டிய ஒன்று என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. ஸ்டெப் எழுது என்று நான் எத்தனையோ முறை அதட்டியிருந்தேன். எப்படி வந்தது என்று ஒருமுறைகூட அவனைக் கேட்டதில்லை. அவனைப் பார்த்து எழுதுகிறவன் என்று சொன்னதற்கு அதே வகுப்பில் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவன் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தான். உங்கள் பட்டறைப் பையனிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான்: வேலை கெட்டுப்போனதற்குக் காரணம் கேட்பதற்கு முன்னால், நன்றாக வந்த ஒரு வேலையை எடுத்துவைத்து, “இதை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லு” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

சரி, “தள்ளி நின்று பார்த்தாலும் தெரியுமே, ஹார்டி ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து காகிதத்தில்தானே பார்த்தார்” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 1913 ஜனவரி 16 தேதியிட்ட அந்தக் கடிதத்தை ஹார்டியும் அவரோடு சேர்ந்து வேலை செய்த கணித அறிஞர் லிட்டில்வுட்டும் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்து, இது மேதையின் வேலை என்று முடிவுக்கு வந்தார்கள். இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாததைக் கற்பனை செய்ய யாருக்கும் இத்தனை கற்பனை இருக்காது என்று ஹார்டி பின்னால் எழுதினார். அவருக்கு முன் கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்ஸன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கும் ராமானுஜன் எழுதியிருந்தார். அவர்கள் கவனிக்கவில்லை. ஆக, தூரத்திலிருந்து பார்க்கவும் ஒரு கண் வேண்டும். ஹார்டிக்கு அது இருந்தது. அதற்காகத் தமிழ் பேசும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கடிதம் அந்த அளவுக்காவது படிக்கும்படி எழுதப்பட்டதற்கு இரண்டு சிலேட்டுகளும் ஒரு மாடியும் காரணம் என்றுதான் நான் நம்புகிறேன்.

கேள்வியின் அடுத்த பாதிக்கு வருகிறேன். திறமையைக் கண்டுகொள்வது ஒன்று, ஆளைக் கவனித்துக்கொள்வது இன்னொன்று. 1914 மார்ச் 17-ல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போன ராமானுஜனுக்கு முதலாவது தாராளமாகக் கிடைத்தது. இரண்டாவது எப்போதோ ஒருமுறைதான் கிடைத்தது.

அங்கே அப்போது படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் துறையை உருவாக்கியவர், குளிர்காலத்தில் ஒருநாள் ராமானுஜனின் அறைக்குப் போனார். கணப்பருகே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் ராமானுஜன். ராத்திரி குளிர் தாங்க முடியவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன் என்றார். கம்பளி தரவில்லையா என்று மகாலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளி இருந்தது, ஒன்றுக்கு மேல். எல்லாம் மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகப்பட்டிருந்தன, மேலே ஒரு விரிப்பு. அதை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று இவருக்குத் தெரியவில்லை. பாயிலும் ஜமக்காளத்திலும் படுத்து வளர்ந்தவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ராத்திரியும் அத்தனை கம்பளிக்கும் மேலேயே நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். மகாலனோபிஸ் கம்பளியை விலக்கி, எப்படிப் படுப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பகலில் அவரோடு இருந்தவர்கள் உலகத்தின் மிகக் கூர்மையான மூளைகள். ஹார்டியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் சங்கோஜி, கணக்கைத் தவிர வேறு பேச்சு வராது. இந்தச் சூத்திரம் உனக்கு எப்படி வந்தது என்றுகூட அவர் அதிகம் கேட்கவில்லை. தினமும் அரை டஜன் புதிய தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டுகிறவரிடம் பழையது எப்படி வந்தது என்று கேட்டுத் தொந்தரவு செய்வது அபத்தமாகத் தோன்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். தேற்றத்துக்கே அந்த நிலைமை என்றால், நேற்று ராத்திரி தூங்கினாயா என்று யார் கேட்பது?

இன்னொன்றும் சொல்கிறேன். ராமானுஜன் தானே சமைத்து, சாட்டர்ஜி என்ற வங்காள நண்பரையும், அவர் மணக்கப்போகும் பெண்ணையும், இன்னொரு பெண்ணையும் விருந்துக்குக் கூப்பிட்டார். ரசம் பரிமாறினார். இரண்டாம் முறையும் ஊற்றினார். மூன்றாம் முறை கேட்டபோது பெண்கள் போதும் என்றார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். டாக்ஸி பிடித்துப் போய்விட்டார் என்று தெரிந்தது. நான்கு நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, ஐந்து பவுண்ட் அனுப்பச் சொல்லி. நான் போட்ட சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னது தாங்க முடியவில்லை என்றார் திரும்பி வந்து. இதை ஒரு மேதையின் விசித்திரம் என்று சொல்லிச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நம் வீடுகளில் இன்னும் கொஞ்சம் என்று ஊற்றுவதும், போதும் போதும் என்று கையை இலைக்குக் குறுக்கே வைப்பதும், அதையும் மீறி ஊற்றுவதும் ஒரு பாஷை. அந்த பாஷை பேச ஆளில்லாத ஊரில் அவர் வருஷக்கணக்கில் இருந்தார். வீட்டில் மாமியார் மருமகள் பிணக்கில் ஜானகியின் கடிதங்களும் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. 1917-ல் நோய் வந்து மருத்துவமனை மருத்துவமனையாகக் கிடந்தார். 1918-ல் லண்டன் சுரங்க ரயில் பாதையில் உயிரை விடப் பார்த்தார். காவல்துறையிடம் போய் அவருக்காகப் பேசி மீட்டு வந்தவர் ஹார்டிதான். அதே வருஷம்தான் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியும் தன் உறுப்பினராக (ஃபெல்லோ) ஆக்கியது. அங்கீகாரம் அத்தனையும், தண்டவாளமும், ஒரே வருஷத்தில்.

ஆகவே தம்பி, அந்தப் பையனிடம் திறமை இருப்பதாகத் தெரிந்து சம்பளத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அவன் எங்கே தங்கியிருக்கிறான், மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறான் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பாசம் கண்ணை மறைக்கும் என்று பயப்படுகிறீர்கள். சில சமயம் மறைக்கும்தான். ஆனால் நாராயண ஐயர் பாசத்தினால் தப்பைச் சரி என்று சொல்லவில்லையே, புரியவில்லை என்றுதானே ராத்திரிக்கு ராத்திரி சொன்னார். நெருக்கமானவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும், சொல்லிவிட்டு மறுநாளும் அதே இடத்தில் உட்காரவும் முடியும்.

1919 மார்ச்சில் ராமானுஜன் திரும்பி வந்தார், எலும்பும் தோலுமாக. கடைசி வருஷம் கொடுமுடி, கும்பகோணம், சேத்துப்பட்டு என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் ஜானகி இருந்தார். பத்து வயதில் கல்யாணமாகி, புருஷனோடு சேர்ந்து வாழ்ந்த காலம் மிகக் கொஞ்சம். அதிகம் படித்தவரும் இல்லை, அவர் எழுதுவதில் ஒரு வரிகூட இவருக்குப் புரியாது. நேரத்துக்குச் சாதம், எலுமிச்சைச் சாறு, மோர் என்று கொடுத்து, வலி என்றால் காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். வலிக்கு நடுவிலும் ராமானுஜன் காகிதம் கேட்பார். படுக்கையிலேயே எழுதுவார். சாவதற்கு நான்கு நாள் முன்புவரை எழுதினார். எழுதிப் போட்ட தாள்களை ஜானகி பொறுக்கி அடுக்கிப் பெட்டியில் வைத்தார். 1920 ஏப்ரல் 26-ல் ராமானுஜன் இறந்தபோது அவருக்கு வயது 32, ஜானகிக்கு 21.

அந்தக் கடைசிக் காலத்துத் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக ஹார்டிக்குப் போய், பிறகு வாட்சன் என்ற கணித அறிஞரின் காகிதக் குவியலில் கிடந்து, கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி நூலகத்தை அடைந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் அதைக் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேல் பக்கங்கள், சுமார் 600 சூத்திரங்கள், அநேகமாக எதற்கும் இடைவரிகள் இல்லை. அந்த இடைவரிகளை எழுதி நிரப்பக் கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஜானகி பிறகு தையல் கற்றுக்கொண்டு திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்தார். ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து ஆளாக்கினார். 1994 வரை இருந்தார். தேடி வந்தவர்களிடம் பழைய நாட்களைப் பற்றிப் பேசும்போது, அந்தக் காலத்துச் சாமான்களில் வெந்நீர் போட்ட இரண்டு பாத்திரங்கள் மட்டும் தன்னிடம் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தால் அந்த நாட்கள் நினைவுக்கு வரும் என்று சொன்னார்.